குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும்

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விளம்பரக் கையேட்டில் பிறந்தது. அந்தக் கையேட்டை எழுதியவன் நான்.

என் தங்கை கணவர் மனநல மருத்துவர். இருபத்திரண்டு வருஷம் ஒரே அறை, ஒரே மேசை, உட்கார்ந்தால் முனகும் ஒரே நாற்காலி என்று இருந்தவர். நிர்வாகம் முழுக்க என் தங்கை கையில். ஒரு நாள் அவள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இனிமே நாம வெறும் கிளினிக் இல்ல. ஒருங்கிணைந்த மனநல மையம். நல்ல தமிழ்ல நாலு பக்கம் எழுதிக் கொடு" என்றாள். நான் ஒன்பது பக்கம் எழுதினேன். 'உடல், மனம், மூச்சு, உணவு, ஒலி ஆகிய ஐந்தும் சங்கமிக்கும் தளம்' என்பது என் வரி. அதற்குக் கீழே 'குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும்' என்பதும் என் வரிதான்; அதற்கு யோசிக்கக்கூட இல்லை, கை தானாக எழுதியது. சங்கமம் என்ற சொல் மூன்று இடத்தில் வந்திருப்பதாக டாக்டர் சொன்னார். நான்காவது இடம் அவர் கண்ணில் படவில்லை.

மையம் திறந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார்:

"மச்சான், போன மாசம் ஒரு ஃபைல்ல கையெழுத்துப் போடப் போனேன். பேனா எழுதல. எழுதியிருந்தா ஒரு உயிர் போயிருக்கலாம்."

"யாரோட உயிர்?"

"அத சொல்லக் கூடாது."

"பேரு வேண்டாம், மாப்பிள்ளை. ஆணா பெண்ணா, அதையாவது சொல்லுங்க."

"துண்டு எங்க?" என்றார்.

கை துடைக்கத்தான் கேட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை கறக்க முடியவில்லை. நோயாளி சொன்னதை வெளியே விடாத மனிதர். ஒரு எழுத்தாளனிடம் வந்து 'பேனா எழுதல' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? ஆகவே இனி வருவது அத்தனையும் என் கற்பனை. டாக்டர், என் தங்கை, இரண்டு பேரும் இருப்பவர்கள். மற்றவர்களை நான் உண்டாக்கினேன்.

2

ஆரம்பங்கள்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் டாக்டர் ஜன்னலருகே நின்று

(நிற்க மாட்டார். அவர் அறையில் ஜன்னலே இல்லை.)

மனம் ஒரு கடல் என்றால் அதன் கரையில்

(இது கையேட்டின் ஆறாம் பக்கம். பழக்க தோஷம்.)

அந்தச் சிறுமி கதவைத் தள்ளிக்கொண்டு

(எந்தக் கதவை? அதை முதலில் சொல்லியாக வேண்டும்.)

மையத்துக்கு இரண்டு கதவுகள். மஞ்சள் கதவு குழந்தைகளுக்கு, நீலக் கதவு பெரியவர்களுக்கு. உள் அலங்காரம் செய்தவர் குழந்தைகளுக்கு உகந்த உயரம் என்று சொல்லி மஞ்சள் கதவைத் தாழ்வாக வைத்துவிட்டார். குழந்தையைக் கூட்டிவரும் அப்பா அம்மாக்கள் எல்லாரும் குனிந்துதான் நுழைய வேண்டும். அது ஒரு நல்ல தத்துவம் என்று நான் கையேட்டில் ஒரு பத்தி சேர்த்தேன்.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிக் கோப்பு, தனித்தனிப் படிவம். கணினியில் வயதைத் தட்டினால் பதினெட்டுக்குக் கீழே இருப்பவர் மஞ்சளுக்குப் போவார், மேலே இருப்பவர் நீலத்துக்குப் போவார். நீலக் கதவில் நுழைபவர் முதலில் அறுபது கேள்விகளுக்குப் பதில் தட்ட வேண்டும். அதில் பதினாலாவது கேள்வியை டாக்டர் இருபத்திரண்டு வருஷமாகத் தன் வாயாலேயே கேட்டுக்கொண்டிருந்தார். "செத்துடலாம்னு தோணுதா?" அவ்வளவுதான் அவர் கேள்வி. அதைப் படிவத்தில் அப்படியே போட்டால் முரட்டுத்தனமாக இருக்கும் என்று தங்கை சொன்னாள். நான் மெருகேற்றிக் கொடுத்தேன்: 'அண்மைக் காலமாக வாழ்வின் மீதான ஈடுபாட்டில் ஒரு தொய்வை உணர்கிறீர்களா?' ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைத் தொட வேண்டும்.

டாக்டரைத் தவிர இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். மூச்சுப் பயிற்சியாளர், உணவு ஆலோசகர், ஒலிச் சிகிச்சையாளர். இந்த மூன்றாமவர் பித்தளைக் கிண்ணங்களை ஆட்களின் மேல் வைத்துத் தட்டுவார், நல்ல சத்தம் வரும். மூவரையும் கேலிச் சித்திரமாக வரைய எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் மூவருமே நேரத்துக்கு வருபவர்கள், குழந்தைகளிடம் குரல் உயர்த்தாதவர்கள். கேலி செய்ய அவர்கள் பெரிதாக இடம் கொடுக்கவில்லை. கொடுத்த இடத்தில் செய்திருக்கிறேன்.

3

அவளுக்குப் பதினொரு வயது.

(முதல் பிரதியில் கையில் ஒரு கரடி பொம்மை கொடுத்திருந்தேன். பிடுங்கிவிட்டேன். பதினொரு வயதுப் பெண் பொம்மையோடு வந்தால் வாசகர் அழுவதற்குத் தயாராகிவிடுவார். இப்போதே வேண்டாம்.)

காலையில் வயிறு வலிக்கிறது, பள்ளிக்கூடம் போவதில்லை. மூன்று மாதமாக இப்படி. அம்மாவும் அப்பாவும் மஞ்சள் கதவில் குனிந்து அவளோடு உள்ளே வந்தார்கள். அப்பா கட்டடங்களில் லிஃப்ட் சோதனை செய்பவர். ஒரு லிஃப்டுக்கு எழுபது இடங்களில் தட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. அம்மா வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் வாடிக்கையாளர் புகார் கேட்பவர். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று திட்டுபவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கேற்ற குரல். வெதுவெதுப்பான, சுருக்கம் விழாத குரல்.

டாக்டர் சிறுமியிடம் கேட்டார். "எங்கம்மா வலிக்குது?"

அவள் தொப்புளுக்கு மேலே ஒரு விரலை வைத்தாள்.

"எப்ப?"

"காலைல."

"ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொல்றாங்களா?"

"இல்ல."

"ரொம்ப நல்ல ஸ்கூல் டாக்டர்" என்றார் அம்மா. "டீச்சர்ஸ் எல்லாம் அன்பா இருப்பாங்க. எங்க மேலதான் ஏதாவது தப்பு இருக்கும்."

அந்தக் கடைசி வரியை டாக்டர் கேட்டார், ஆனால் கேட்கவில்லை. அன்றைக்கு வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள்.

"ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்" என்றார் அப்பா. "நடிக்கறான்னு சொல்ல வரல டாக்டர். லிஃப்ட்லகூட சில சமயம் பாத்தா எதுலயும் கோளாறு இருக்காது. ஆனா நின்னுடும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவும் சிரித்தார். சிறுமி மட்டும் சிரிக்காமல் அம்மா சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. டாக்டர் 'ஒருங்கிணைந்த திட்டம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அப்படி அடித்தால் மூன்று நிபுணர்களுக்கும் தானாகத் தகவல் போய்விடும். வசதியான ஏற்பாடு. இருபத்திரண்டு வருஷமாகத் தான் மட்டுமே சுமந்த மூட்டையை நாலு பேர் தூக்கிக்கொள்வதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. மனிதருக்கு முதுகு வலி வேறு.

4

ஆறு வாரம் அவளை ஒருங்கிணைத்தார்கள்.

மூச்சுப் பயிற்சியாளர் அவள் மூச்சு மார்போடு நின்றுவிடுவதாகவும் வயிறு வரை இறங்கவில்லை என்றும் கண்டுபிடித்தார். இறங்காத இடத்தில்தானே வலி. ஒலிச் சிகிச்சையாளர் வயிற்றில் ஒரு சுரம் இடம் மாறியிருப்பதாகச் சொன்னார். எந்தச் சுரம் என்று இன்னும் பிடிபடவில்லை, கிண்ணத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். உணவு ஆலோசகர் ஒரு நாட்குறிப்புக் கொடுத்தார். தினமும் என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு, வலி உண்டா இல்லையா என்று நாற்பத்தொரு நாளைக்குச் சிறுமியே எழுத வேண்டும். கடைசியில் 'மற்றவை' என்று ஒரு சின்னக் கட்டம்.

அவள் ஒரு நாள்கூட விடாமல் எழுதினாள்.

புதன்கிழமை தோறும் குழுக் கூட்டம். ஆறாவது புதன்கிழமை உணவு ஆலோசகர் நாட்குறிப்பைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, கிடைச்சிடுச்சு. ஒரு வாரத்துல செவ்வாயிலேர்ந்து வெள்ளி வரைக்கும் நாலு நாள் வலியே இல்ல. ஸ்கூலுக்கும் போயிருக்கா. அந்த நாலு நாளும் என்ன இல்ல தெரியுமா? பால்."

"பால் இல்லாததாலயா?" என்றார் டாக்டர்.

"வேற எதுவும் மாறல சார். எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்துட்டேன்."

"அந்த வாரம் மூச்சும் நல்லா இறங்கியிருந்துச்சு" என்றார் மூச்சுப் பயிற்சியாளர்.

"அந்த வாரந்தான் நான் பெரிய கிண்ணத்துக்கு மாறினேன்" என்றார் ஒலிச் சிகிச்சையாளர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

மூன்று வெற்றிகளுக்கும் இடம் கொடுத்து என் தங்கை ஒரு திட்டத்தைக் கோத்தாள். பால் நிறுத்தம். காலையில் மூச்சு. வாரம் இரண்டு முறை பெரிய கிண்ணம். மாத்திரையில் குறைந்த அளவு ஒன்று. முக்கியமாகப் பள்ளிப் பயம் முறிய வேண்டும். அதற்கு வரும் திங்கட்கிழமை முதல் அம்மா அவளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வலி என்று எவ்வளவு அழுதாலும் சாயங்காலம் வரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பதினைந்து நாள்.

"அப்பா திங்கக்கிழமைதான் வேலையா வெளியூர் போறாராம், பதினைஞ்சு நாளைக்கு" என்றாள் தங்கை. "அதுவும் வசதிதான். செல்லம் கொடுக்க ஆள் இருக்காது."

எல்லாரும் தலையாட்டினார்கள். காகிதத்தைப் படித்துப் பாருங்கள், அதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. பள்ளிக்குப் பயப்படும் குழந்தைகளில் பலருக்கு இப்படித்தான் செய்வார்கள், பலனும் கிடைக்கும். எனக்கு இந்த இடத்தை எழுதும்போதுதான் முதுகு சில்லிட்டது.

5

மற்றவர்கள் எழுந்து போனார்கள். டாக்டர் திட்டத்தின் கீழே கையெழுத்துப் போடப் போனார். பேனா எழுதவில்லை.

(இந்த ஒரு வரிதான் எனக்குக் கிடைத்த உண்மை. இதைச் சுற்றித்தான் இத்தனை கூத்து.)

(இங்கே தரை துடைக்கும் அம்மா ஒருவரைக் கொண்டுவந்து, வாளியை வைத்துவிட்டு, 'அந்தப் பொண்ணு அம்மா முகத்தையே பாக்குது சார்' என்று சொல்லவைக்கலாம். படித்தவர்களுக்குத் தெரியாதது பாமரருக்குத் தெரிந்தது என்று வாசகருக்கும் திருப்தியாக இருக்கும். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அந்த அம்மாவுக்குத் தன் வேலையே தலைக்கு மேல் இருந்தது. அனுப்பிவிட்டேன்.)

டாக்டர் பேனாவை உதறினார். ஃபைலின் பின்னட்டையில் கிறுக்கிப் பார்த்தார். மை வரவில்லை. என் தங்கையை இன்டர்காமில் கூப்பிட்டு வேறு பேனா கேட்டார். பேனா வரும் வரை சும்மா இருக்க முடியாமல் நாட்குறிப்பைப் புரட்டினார்.

நேர்த்தியான கையெழுத்து. ரொட்டி, முட்டை, பால். வலி உண்டு. சோறு, கீரை. வலி உண்டு. சனி, ஞாயிறு: வலி இல்லை. சரிதான், பள்ளி இல்லையே. இன்னும் புரட்டினார். நடுவில் ஒன்பது நாள் பள்ளி விடுமுறை வந்தது.

விடுமுறையிலும் வலி உண்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பள்ளிக்குப் பயந்து வரும் வலி விடுமுறையில் எதற்கு வருகிறது? அந்த ஒன்பது நாளில் இரண்டு நாள் மட்டும் வலி இல்லை, அதுவும் சனியும் ஞாயிறும். விடுமுறை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி உண்டு என்று இருந்தது. 'மற்றவை' கட்டத்தில் பொடி எழுத்தில்: அப்பா இன்று வேலைக்குப் போனார்.

பால் இல்லாத அந்த நாலு நாளுக்குத் திருப்பினார். அந்தக் கட்டத்திலும் பொடி எழுத்து இருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல். அப்பா வீட்டில்.

பால் வாங்கி வருகிறவர் அப்பா. காய்ச்சலில் படுத்ததால் பால் இல்லை. அப்பா வீட்டில் இருந்ததால் சிறுமி பள்ளிக்குப் போனாள்.

டாக்டர் நாட்குறிப்பை மூடினார். 'எங்க மேலதான் ஏதாவது தப்பு இருக்கும்' என்று ஒரு குரல் ஆறு வாரம் தாமதமாக அவர் காதில் விழுந்தது. அப்பா போகப் போகிற திங்கட்கிழமைக்கு ஐந்து நாள்தான் பாக்கி இருந்தது. திட்டப்படி அன்றைக்கு அந்த வீட்டில் அம்மா தனியாக இருப்பார்.

தங்கை பேனாவோடு உள்ளே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

6

சிறுமி அப்போது மையத்தில்தான் இருந்தாள், கிண்ண அறையில். டாக்டர் தன் அறையிலிருந்து குழந்தைகள் பக்கத்துக்கு வேகமாகப் போனதில் மஞ்சள் கதவில் நெற்றி இடித்துக்கொண்டார். ஒரு வருஷமாக அந்தக் கதவு வழியாக அவர் போனதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

ஒலிச் சிகிச்சையாளரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். பாயில் உட்கார்ந்தார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. சிறுமி வயிற்றின் மேல் பித்தளைக் கிண்ணத்தோடு படுத்திருந்தாள்.

"டைரி நீதான எழுதின?"

"ம்."

"கையெழுத்து நல்லா இருக்கு. என்னோடது எனக்கே புரியாது."

அவள் கிண்ணத்தின் விளிம்பை ஒரு விரலால் தடவினாள்.

"அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப நாலு நாள் ஸ்கூலுக்குப் போயிருக்க."

"பால் குடிக்கல. அதான் வலிக்கலன்னு சாப்பாட்டு மேடம் சொன்னாங்க."

"நீ என்ன நெனைக்கிற?"

அவள் கிண்ணத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். "அப்பா வீட்ல இருந்தா நான் இருக்க வேண்டாம்."

"இல்லன்னா?"

"இருக்கணும்."

டாக்டர் காத்திருந்தார். அது ஒன்றுதான் அவருக்கு நன்றாகத் தெரிந்த வைத்தியம். ஒரு வருஷமாகச் செய்ய நேரம் இல்லாமல் இருந்தது.

"அம்மா ஃபோன் பேசி முடிச்சதும் மைக்க ஆஃப் பண்ணிடுவாங்க" என்றாள் சிறுமி, கூரையைப் பார்த்துக்கொண்டு. "அப்ப, நான் இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் நல்லதுன்னு சொல்வாங்க. எங்கிட்ட இல்ல. சும்மா சொல்வாங்க. அப்புறம் அடுத்த ஃபோன எடுத்து, வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்னு கேப்பாங்க."

"எத்தன தடவ கேட்ட?"

"மொதல்ல ஒரு தடவ. அன்னைக்கு வயிறு வலின்னு பொய் சொன்னேன், வீட்ல இருக்கறதுக்காக. அப்புறம் நெஜமாவே வலிக்க ஆரம்பிச்சிடுச்சு." அவள் முதல் முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அது தப்பா?"

"இல்லம்மா. தப்பே இல்ல." அவர் கிண்ணத்தை எடுத்துப் பாயில் வைத்தார். "ஆனா இது பெரியவங்க பாக்க வேண்டிய வேலை. இத்தன நாள் நீ பாத்துட்ட. இனிமே நாங்க பாக்கறோம். அதுக்கு நீ சொன்னத நான் அம்மாகிட்ட சொல்லணும். நீ கூட இருக்கியா, வெளிய இருக்கியா?"

அவள் யோசித்தாள். "அம்மா அழுவாங்களா?"

"அழலாம்."

"அப்ப வெளிய இருக்கேன். ஆனா கதவுகிட்ட."

7

அம்மாவுக்கு ஏன் அப்படித் தோன்றியது?

(முதல் காரணம் எழுதினேன்: கணவரின் கள்ளத் தொடர்பு. லிஃப்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும் காட்சியெல்லாம் வந்தது. அடித்துவிட்டேன். இரண்டாவது: மாமியார் கொடுமை. அடித்துவிட்டேன். மூன்றாவது: இறந்துபோன ஒரு குழந்தை. அதை எழுதி முடித்து, வாசித்து, நானே நெகிழ்ந்து, பிறகு வெட்கப்பட்டு அடித்தேன். ஒரு காரணம் இருந்தால் அந்த அம்மாவை மன்னித்துவிடலாம் என்று நான்தான் அலைந்துகொண்டிருந்தேன். அவரை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. உடம்பு சரியில்லாமல் போவதைப் போல அவருக்கு இது வந்தது.)

காத்திருக்கும் இடத்தில் இருந்த அம்மாவை டாக்டர் கிண்ண அறைக்கே அழைத்தார். என் தங்கை பின்னாலேயே வந்து காதோடு சொன்னாள்.

"என்னங்க, அம்மாவப் பாக்கணும்னா நீலக் கதவு வழியா வந்து பதியணும். மஞ்சள்ல பெரியவங்கள சிஸ்டம் ஏத்துக்காது. அறுபது கேள்வி இருக்கு."

"ஒரு கேள்விதான் இருக்கு" என்றார் டாக்டர். கதவைச் சாத்தினார்.

அம்மா குட்டி நாற்காலியில் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"உங்களுக்குச் செத்துடலாம்னு தோணுதா?"

"அப்படியெல்லாம் இல்ல டாக்டர்" என்றார் அம்மா, அந்த வெதுவெதுப்பான குரலில். "உங்க அக்கறைக்கு ரொம்ப நன்றி."

டாக்டர் பேசாமல் இருந்தார். (இங்கே ஒரு சுவர்க்கடிகாரத்தை ஓடவிடப் பார்த்தேன். வேண்டாம். அவர் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.) அம்மாவின் முகத்தில் புன்னகை அப்படியே நின்றது. பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாமல் போயிற்று.

"அவ சொன்னாளா?"

"ஆமா."

"கதவு மூடியிருக்கும் டாக்டர். அவளுக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியாது." குரல் வேறாகிவிட்டிருந்தது. கரகரப்பான, சின்னக் குரல். "ஒரு நாளைக்கு அறுபது பேர்கிட்ட மன்னிப்பு கேக்கறேன். நான் ஒரு ஃப்ரிட்ஜையும் செய்யல. சாயங்காலம் ஆனா, எல்லாத் தப்பும் என்னோடதுதான்னு தோண ஆரம்பிச்சிடும். சமைக்கிறப்ப, குளிக்கிறப்ப. ரெண்டு வருஷமா. தூக்கமே இல்ல. இப்ப இவர் ஊருக்குப் போற திங்கக்கிழமை வருதேன்னு நான்"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

டாக்டர் அன்றைய மீதி நேரத்தை அந்த அறையிலேயே கழித்தார். அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் வேலை இடத்திலிருந்து எண்ணெய்க் கறைக் கையோடு ஓடிவந்தார், விஷயத்தைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தினமும் கேப்பேனே டாக்டர். எப்படி இருக்கன்னு கேப்பேன். நல்லா இருக்கேன்னு சொல்வா."

"நீ ஷூவைக் கழட்டிக்கிட்டே கேப்ப" என்றார் அம்மா. குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. நடந்ததைச் சொன்னார்.

அப்பா சுவரிலிருந்து நிமிர்ந்தார். வெளியூர் வேலையை ரத்து செய்யச் சொல்லித் தன் அலுவலகத்துக்குப் பேசப் போனார். அங்கே என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தவர், கடைசியில், "என் வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்ல சார்" என்று சொல்லும்போதுதான் அழுதார்.

என் தங்கையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாட்டுக்கு அந்த வீட்டுக்குப் போக முடியாது. அன்று நாலு மணிக்கு மேல் வர வேண்டியவர்கள் அத்தனை பேரையும் யாரும் சொல்லாமலே அவள் வேறு நாளைக்கு மாற்றினாள். கதவருகே உட்கார்ந்திருந்த சிறுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கணினி ஏற்காத அந்த ஃபைலுக்கு ஒரு பழைய காகித அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் என்ன பெயர் எழுதுவது, மகளுடையதா அம்மாவுடையதா என்று சிறுமியிடமே கேட்டாள்.

"ரெண்டு பேரோடதும்" என்றாள் சிறுமி.

8

எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள்.

அம்மா மாத்திரை ஆரம்பித்தார். முதல் இரண்டு வாரம் பலன் தெரியவில்லை, வாய் வறண்டதுதான் மிச்சம். அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். அம்மாவைக் கூர்ந்து கூர்ந்து பார்த்து, எழுபது இடத்தில் தட்டிப் பார்ப்பது போலக் கேள்வி கேட்டு, "கொஞ்சம் சும்மா இரேன்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாவது வாரம் அம்மா ஒரு மத்தியானம் நாலு மணி நேரம் தூங்கினார். எழுந்து பசிக்கிறது என்றார். அப்பா அதை டாக்டருக்குத் தொலைபேசியில் சொன்ன விதம், பிள்ளை பிறந்த செய்தி போல இருந்தது.

சிறுமி முதலில் அரை நாள், பிறகு முழு நாள் பள்ளிக்குப் போனாள். வலி உடனே போய்விடவில்லை. நாலரை மாதம் காவல் காத்த வயிறு, அதற்கும் விடுப்பு பழக வேண்டும். உணவு ஆலோசகர் பாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஆனால் பால்தான் காரணம் என்ற நம்பிக்கையை விடவில்லை. தன் நாட்குறிப்புதான் வழி காட்டியது என்று கூட்டத்தில் சொன்னார். அதை யாராலும் மறுக்க முடியவில்லை. பதினாலாவது கேள்வியை டாக்டர் படிவத்திலிருந்து எடுத்துவிட்டுத் தன் வாய்க்கே திரும்ப மாற்றிக்கொண்டார். இப்போது நீலக் கதவில் ஐம்பத்தொன்பது கேள்விகள், எல்லாமே என் மெருகோடு.

கடைசிக் காட்சிக்கு இரண்டு வடிவம் வைத்திருந்தேன்.

ஒன்று: பள்ளி வாசலில் சிறுமி அம்மாவுக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடுகிறாள். (அழகாக இருக்கிறது. நம்ப முடியவில்லை.)

இரண்டு: அவள் நின்று, திரும்பிப் பார்க்கிறாள். அம்மா அங்கே

(இதைத் தொடர எனக்குத் தைரியம் இல்லை. அங்கே அம்மா இருக்கிறார் என்று எழுதினாலும், நாளைக்கு? அதற்கு மறுநாள்?)

முடிவு தெரியாமல் பிரதியை டாக்டரிடமே கொடுத்தேன். அவர் சோபாவில் சாய்ந்து, நிதானமாக, ஒரு மணி நேரம் படித்தார். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது புருவம் அசைந்தால் அந்த இடம் உண்மை என்று பிடித்துக்கொள்ளலாம் என்று ஆசை. அசையவில்லை.

"இப்படித்தான் நடந்துச்சா, மாப்பிள்ளை?"

"நல்லா எழுதியிருக்கீங்க, மச்சான்."

"நடந்துச்சா?"

"ஒண்ணு விட்டுட்டீங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் வாயைத் திறக்கப் போகிறார்.

"அவங்களுக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் போடல நீங்க."

"கதைதான மாப்பிள்ளை."

"இருக்கட்டும். மாத்திரை ஆரம்பிச்சவங்கள தேதி கொடுக்காம அனுப்பக் கூடாது. கொஞ்சம் தேறி, தூங்கி, சாப்பிட ஆரம்பிக்கிற சமயந்தான் நாம கூடக் கவனமா இருக்கணும். எல்லாரும் அப்பதான் சரியாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க." பிரதியின் கடைசிப் பக்கத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "முடிவ எப்படி வேணா வெச்சுக்கங்க. தேதிய எழுதுங்க."

"எந்தத் தேதி போடறது? படிக்கிறவங்க என்னைக்குப் படிப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அவங்களையே போட்டுக்கச் சொல்லுங்க."

அவர் சொன்னபடியே செய்கிறேன். கீழே கோடு விட்டிருக்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும் நாளிலிருந்து ஏழாவது நாள் எதுவோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவும் மகளும் அடுத்து வர வேண்டிய நாள்: ____________

அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் வந்து உட்காருவார்கள். நான் இருக்க மாட்டேன். என் கதை இந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. நீங்கள் இருப்பீர்கள். அந்த அம்மாவிடம் அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.